அடுப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்

தைப்பூசத்துக்கு வடலூர் வரும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

போன தைப்பூசத்துக்கு முந்தின நாள் ராத்திரி தருமச்சாலைக்குப் பக்கத்துக் கொட்டகையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உங்களில் ஒரு பெண் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றாள். கூட வந்த நாலைந்து பேரும் அவள் வயதுக்காரர்கள்தான். யாரும் சொல்லாமலே கத்தரிக்காய்க் கூடையைத் தன் பக்கம் இழுத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, எனக்குச் சாதி மதத்துல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா ஆன்மிகம் இருக்கு. தினமும் தியானம் பண்றேன். நீங்க இத்தனை வருஷமா இங்க வர்றீங்களே, உங்களுக்கு ஏதாவது அனுபவம் கிடைச்சுதா?"

நான் வாய் திறப்பதற்குள், காலை ஆறு மணி தரிசனத்துக்கு வரிசை நிற்கத் தொடங்கிவிட்டது என்று கூட வந்தவர்கள் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் அவளை நான் பார்க்கவில்லை.

கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. பொய்யில்லாமல் கேட்ட கேள்வி அது. அவளைப் போல நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இப்போது இங்கே வருகிறீர்கள். பழைய சடங்குகளில் மனம் ஒட்டாமல், ஆனாலும் வெறும் சம்பளமும் சாப்பாடும் மட்டும் வாழ்க்கையாகிவிடக் கூடாது என்ற தவிப்போடு வருகிறீர்கள். அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிஞ்சிப்பாடி வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 35 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே எனக்கு வேலை கிடைத்தது. காலையில் ஒவ்வொரு வகுப்பிலும் வருகைக் கணக்கு வாங்க வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று அரிசியையும் பருப்பையும் நிறுத்துக் கொடுக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், பரிமாறும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அதுதான் வேலை. பிள்ளைகள் எல்லாருக்கும் நான் 'சத்துணவு டீச்சர்'. என் அப்பா கைத்தறியில் கைலி நெய்தவர். தறி மேடைக்கு மேலே மாடத்தில் ஓர் அகல் விளக்கும், பழுப்பேறிப்போன திருவருட்பா புத்தகமும் இருக்கும். வள்ளலார் எனக்கு வந்தது அந்த மாடத்திலிருந்துதான்.

உங்களில் பலருக்கு அவர் வந்தது ஜோதியிலிருந்து. ஞானசபையில் ஏழு திரைகளும் ஒவ்வொன்றாக விலக, கண்ணாடிக்கு அப்பால் தெரியும் அந்த ஒளிக்காகத்தான் தைப்பூசத்தன்று லட்சக்கணக்கானவர் இந்தப் பெருவெளியில் நிற்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன். அந்தக் கண்ணாடிக்கும் விளக்கிற்கும் இந்த ஊரைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் என் பதில் உங்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்கம் 1823 அக்டோபர் 5 அன்று மருதூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட, குடும்பம் சென்னைக்குப் போனது. அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து வீட்டைக் காத்தார். ஏழுகிணறு பக்கத்தில் இருந்த அந்த வீட்டில், சிறு பிள்ளையாக இருக்கும்போதே, மாடி அறையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் முன் விளக்கேற்றி உட்கார்ந்துவிடுவாராம். அந்தக் கண்ணாடியில் திருத்தணி முருகனைக் கண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர் ஈசனையும் பாடிய பாட்டெல்லாம் அந்தச் சென்னைக் காலத்தவை. சுமார் 35 வயதில் சென்னையை விட்டார். சிதம்பரத்தைச் சுற்றி வந்து, வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் தங்கினார். 1865-ல் சன்மார்க்க சங்கம் தொடங்கினார். கடைசியில் இந்த வடலூரில் மறுபடியும் ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு.

மாடி அறையில் இருந்ததும் அவைதான், ஞானசபையில் இருப்பதும் அவைதான். பொருள் மாறவில்லை. பார்த்தவர் எவ்வளவு மாறிவிட்டார்! மாடி அறையில் கண்டது ஒரு பிள்ளை தனக்கென்று நேசித்த முருகன். எண்கோணச் சபையில் வைத்தது எந்தச் சாதிக்கும் எந்தச் சமயத்துக்கும் உரிமையாகாத ஒளி. இந்த இரண்டுக்கும் நடுவே இந்த மனிதருக்கு என்ன நடந்தது? என் வாழ்நாள் முழுக்க நான் யோசித்த கேள்வி இதுதான்.

பதில் இரண்டு தேதிகளுக்குள் இருக்கிறது. தருமச்சாலையில் அடுப்பு மூட்டியது 1867 மே 23. ஞானசபையில் முதல் தைப்பூசம் 1872 ஜனவரி 25. ஊர்க்காரர்கள் எழுதிக்கொடுத்த நிலத்தில் அவர் முதலில் எழுப்பியது சோறு போடும் இடம். ஒளியைக் காட்டும் சபை அதற்கு நாலரை ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் வந்தது. தன் உள்ளே கண்ட ஒளியை ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால் ஊரின் வயிற்றை நிரப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கூட்டத்தில் வருகிற நாமோ வரிசை மாறிப் போகிறோம். ஜோதியைப் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிவிடுகிறோம்.

அது எந்தக் காலம் என்றும் நினைத்துப் பாருங்கள். 1866-ல் ஒரிசாவை அழித்த பஞ்சம் சென்னை மாகாணத்தையும் தொட்டது. மறு ஆண்டுதான் இங்கே அடுப்பு மூண்டது. பத்து ஆண்டுக்குள் அதைவிடக் கொடிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877-ல் இந்திய அரசின் சார்பாக வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கையில் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு ஒருவன் நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். மாகாணத்துச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர் அதை எதிர்த்து எழுதினார். முகாம்களில் வற்றிப்போன உடம்புகளை அவர் கண்ணால் பார்த்திருந்தார். சில மாதங்களில் அந்த அளவைக் கூட்ட வேண்டி வந்தது.

ஒரு மனிதன் எவ்வளவு குறைவாகத் தின்று உயிரோடு இருப்பான் என்று கணக்குப் பார்த்தது ஒரு பார்வை. பசித்து வந்தவன் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் இலை போட்டது இன்னொரு பார்வை. இரண்டும் ஒரே பஞ்சத்தைத்தான் பார்த்தன. அந்தப் பஞ்சத்தின்போது வள்ளலார் இங்கே இல்லை. 1874 ஜனவரி 30 அன்றே மேட்டுக்குப்பத்துச் சித்தி வளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாது வருஷத்தில் அந்த அடுப்பை அணையாமல் காத்தவர்கள், விறகு பிளந்தவர்கள், உலை வைத்தவர்கள், யாரோ எவரோ. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனாலும் அடுப்பு இன்று வரை எரிகிறது.

காய்ந்த பயிரைப் பார்த்து அவர் வாடினார் என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்தப் பாட்டு அதோடு முடிவதில்லை. வீடுவீடாகப் போய்க் கேட்டும் பசி ஆறாமல் சோர்ந்து திரும்பும் மனிதர்களை நினைத்து அவர் துடித்ததும் அதே பாட்டில்தான் இருக்கிறது. அதை மேடையில் குறைவாகவே கேட்கிறோம். பயிருக்காக அழுவது அழகாக இருக்கிறது. பசித்தவனுக்காக அழுதால் அடுத்து எழுந்து ஏதாவது செய்ய வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அவருடைய உரைநடையில் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்று ஒன்று உண்டு. பாட்டெல்லாம் கடினமாக இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகள் அதிலிருந்து தொடங்கலாம். பசி வந்தால் ஒரு உடம்புக்கு என்ன ஆகும் என்று அதில் ஒரு வைத்தியரைப் போல வரிசையாக எழுதியிருக்கிறார். கண்ணுக்கு என்ன ஆகும், காதுக்கு என்ன ஆகும், நாக்கு, மூக்கு, தோல், கை கால், பேச்சு என்று ஒன்று விடாமல் சொல்கிறார். சோறு உள்ளே போனதும் அவை ஒவ்வொன்றும் எப்படித் திரும்பி வரும் என்பதையும் சொல்கிறார். பசித்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும். சின்ன வயதில் அப்பா வாசிக்கக் கேட்டபோது அந்தப் பகுதி எனக்கு அலுப்பாக இருந்தது. வேலைக்குப் போய் மூன்றாம் வருஷம்தான் அது எனக்குத் திறந்தது.

எங்கள் சமையல் கொட்டகை முதல் வகுப்புச் சுவரை ஒட்டி இருந்தது. வகுப்பில் பேர் கூப்பிடுவது அடுப்படிக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு திங்கட்கிழமை அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் 'உள்ளேன் டீச்சர்', 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒன்று வழக்கம்போல இல்லை என்று பட்டது. மறுநாளும் காது கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை சத்தம் கணீரென்று இருந்தது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் இறங்கிவிட்டது. பாதிப் பிள்ளைகளுக்கு 'உள்ளேன்' வரைக்கும்தான் குரல் வந்தது, 'டீச்சர்' வரவில்லை.

பசித்தவன் பேச்சு எப்படி ஆகும் என்று அவர் எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லையென்றால் மதியச் சோறும் இல்லை. முந்திரி பொறுக்கவும் கரும்பு வெட்டவும் விடியுமுன் கிளம்பும் வீடுகளில் காலையில் அடுப்பு எரியாது. வெள்ளிக்கிழமை மதியம் வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை, அடுத்து வயிறு நிறையச் சாப்பிடுவது திங்கட்கிழமை மதியம். மூன்று வருஷமாக நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன். தினமும் விளக்கேற்றி அருட்பா படித்திருக்கிறேன். அந்தக் குரல் என் காதில் விழவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மறு வாரத்திலிருந்து திங்கட்கிழமைகளில் நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே உலை வைத்தோம். வடித்த கஞ்சியில் உப்பும் ஒரு கை சோறும் போட்டு, காலை இடைவேளையிலேயே சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தோம். விதிப்புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. தலைமை ஆசிரியர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். கஞ்சி குடித்துவிட்டுப் போன பிள்ளைகள் அடுத்த பாடத்தில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கொட்டகைக்குக் கேட்கும். சுவரில் சாய்ந்து நின்று கேட்பேன்.

அந்தப் பெண் கேட்டாளே, அனுபவம் கிடைத்ததா என்று. எனக்குக் கிடைத்த அனுபவம் இதுதான். கண் மூடி உட்கார்ந்தபோது எனக்கு எந்த ஒளியும் தெரிந்ததில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் காது திறந்தது. அதற்குப் பிறகு உலகம் எனக்கு வேறாகிவிட்டது. சந்தைக்குப் போனாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும், பஸ்ஸில் உட்கார்ந்தாலும், யார் குரலில் பசி இருக்கிறது என்று காது தானாகத் தேடுகிறது. இன்று வரை அது நிற்கவில்லை.

இப்படிச் சொன்னதும் நான் ஏதோ கரை ஏறிவிட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கொட்டகையில்தான் நான் தவறியும் நின்றேன். அதையும் சொன்னால்தான் இந்த மடல் நேர்மையாக இருக்கும்.

எங்கள் சமையல்காரம்மா ஓய்வுபெற்று, அந்த இடத்துக்குக் காலனித் தெருவிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் கைப்பக்குவம் முதல் நாளே தெரிந்தது. கீரைக் கடைசலை வேண்டாம் என்று ஒதுக்கும் பிள்ளைகள் தட்டை வழித்தார்கள். இரண்டாம் வாரம் ஊரிலிருந்து சில பேர் வந்தார்கள். அந்தம்மா சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள், ஆளை மாற்றுங்கள் என்றார்கள். நான் அவர்களை எதிர்த்துப் பேசவில்லை. 'மேலே சொல்கிறேன்' என்று சொல்லி அனுப்பினேன். பிரச்சினை பெரிதாக வேண்டாம் என்று நினைத்து, மூன்று நாள் அந்தம்மாவைப் பரிமாற விடாமல் கரண்டியை நானே வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அவர் என் முன்னால் வந்து நின்றார். கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "டீச்சர், நீங்க தினமும் படிக்கிறீங்களே அந்தப் புஸ்தகம், அதுல எங்க தெருவுக்கு எடம் இருக்கா?"

சாதியும் சமயமும் பிள்ளை விளையாட்டு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவருடைய புத்தகம் அது. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அந்தக் கேள்வியை ஒரு பெண் கேட்கும்படி நான் நடந்துகொண்டேன். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அது இருக்கட்டும் என்றுதான் நானும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். பிள்ளைகள் உட்காரும் பந்தியில் முதல் ஆளாகத் தட்டோடு நான் உட்கார்ந்தேன். அவர் போட்ட சோற்றை எல்லார் கண் முன்னாலும் முதலில் நான் சாப்பிட்டேன். ஓய்வுபெறும் வரை தினமும் அப்படித்தான். ஒன்பது பிள்ளைகள் மதியம் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்துக்குள் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் கடைசி வரை வரவில்லை. அந்த இரண்டு பேரையும் நான் மறக்கவில்லை. அவர்கள் பட்டினி கிடந்தார்களா, வீட்டில் சாப்பிட்டார்களா என்று நான் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இன்னொன்றும் உங்களிடம் மறைக்கக் கூடாது. வள்ளலாரோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. கொலையும் புலாலும் அவருக்குத் தாங்கவே முடியாதவை. ஞானசபைக்குள் நுழைவதற்கே அவற்றை விட்டிருக்க வேண்டும் என்றார். புலால் உண்பவரைத் தன் உறவினத்தார் அல்லர், புற இனத்தார் என்றே எழுதினார். அதே மூச்சில், அவர்களுக்கும் பசி வந்தால் கட்டாயம் சோறு போட வேண்டும் என்றும் சொன்னார். நான் பதினைந்து வயதிலிருந்து சைவம். முட்டைகூட வாயில் வைத்ததில்லை. சத்துணவில் முட்டை வந்தபோது, அவித்து உரித்துப் பிள்ளைகள் தட்டில் வைத்ததும் என் கைதான். முதல் நாள் கை நடுங்கியது. எனக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பிட்டுப் பிட்டுத் தின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளை எனக்குப் புறத்தார் என்று நினைக்க முடியவில்லை. கறியும் கருவாடும் தின்னும் வீடுகளில் பிறந்த அவர்கள்தான் 35 வருஷம் என் உறவினம்.

உயிர் எதுவானாலும் வதைபடக் கூடாது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். அதை விடமாட்டேன். ஆனால் தின்பதை வைத்து மனிதரைப் பிரிக்கும் அந்தக் கோட்டை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டில் எவன் எதைத் தின்கிறான் என்பதை வைத்துத்தானே சாதியையும் அளக்கிறார்கள்! அந்தச் சமையல்காரம்மாவை ஒதுக்கச் சொன்னவர்களும் இதைத்தான் முதல் காரணமாகச் சொன்னார்கள்.

ஒரு மகானோடு முரண்படலாமா என்று சில பெரியவர்கள் என்னைக் கடிந்துகொண்டார்கள். படலாம் என்பதற்கு அவரே எனக்குச் சாட்சி. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிவிட்டு அவர் ஆற்றிய பேருபதேசத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் சைவ சமயத்தின் மேல் தனக்கு அளவில்லாத பற்று இருந்தது என்றும், இப்போது அது போய்விட்டது என்றும் கூடியிருந்தவர்கள் முன் வெளிப்படையாகச் சொல்கிறார். ஐம்பது வயது மனிதர், ஊரே கும்பிடும் நேரத்தில், நான் நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை என்று சொல்கிறார். தன் பெயருக்குப் பின்னால் சாமி என்று சேர்ப்பதுகூடத் தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரம் என்று அன்பர் ஒருவருக்கு எழுதியவர் அவர். தன் நம்பிக்கையைத் தானே உரசிப் பார்க்கும் துணிவுதான் அவரை மாடி அறையிலிருந்து பெருவெளிக்குக் கொண்டுவந்தது. அந்தத் துணிவை எடுத்துக்கொள்ளாமல் அவர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால், அவரை மறுபடியும் ஒரு மடத்துக்குள் அடைத்துவிடுவோம்.

பிள்ளைகளே, தியானம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்தான். விளக்கில்லாமல் அடுப்படியில் வேலை செய்ய முடியாது. உங்கள் வேலையும் ஊரும் உங்களை எப்படிப் பிழிகின்றன என்று எனக்கு ஓரளவு தெரியும். என் மகனும் அப்படி ஒரு வேலையில்தான் இருக்கிறான். இரவில் கொஞ்ச நேரம் கண் மூடி உட்கார்ந்தால் மூச்சு ஆறுகிறது என்கிறான். ஆறட்டும். ஆனால் மூச்சு ஆறியதோடு ஆன்மிகம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நமக்கு நிம்மதி வந்தது என்பது நம்மைப் பற்றிய செய்தி. அந்த நிம்மதியோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தபோது, நேற்று வரை கண்ணில் படாத யார் இன்று கண்ணில் பட்டார் என்பதுதான் ஆன்மிகத்தைப் பற்றிய செய்தி.

ஏழு திரைக்கும் அவர் ஏழு சக்திகளின் பெயர் வைத்தார். கறுப்பு மாயாசக்தி, நீலம் கிரியாசக்தி என்று அந்த வரிசை போகிறது. அறிந்தவர்கள் அதன் நுட்பத்தை உங்களுக்கு விளக்குவார்கள். எனக்குத் தெரிந்த திரைகள் இரண்டு மூன்றுதான். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் ஒன்று. நான் சைவம், நான் நாள்தோறும் அருட்பா படிப்பவள் என்ற பெருமை ஒன்று. பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்ற பழக்கம் ஒன்று. இவை தொங்கிய வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு முன்னால் தொங்குவது என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் ஆர்டர் செய்த சாப்பாட்டை மழையில் கொண்டுவந்து கொடுக்கும் பையன் இன்று சாப்பிட்டானா என்று கேட்டிருக்கிறீர்களா? உங்கள் அலுவலகக் கழிவறையைக் கழுவும் அம்மாவின் பெயர் தெரியுமா? அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? அவர் தட்டிலிருந்து ஒரு வாய் நீங்களும், உங்கள் தட்டிலிருந்து ஒரு வாய் அவரும் என்றைக்காவது எடுத்ததுண்டா? உங்கள் தியானத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இவர்கள்தான்.

நான் ஓய்வுபெற்று நாலு வருஷம் கழித்து, 2022 செப்டம்பர் 15 அன்று, அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். எங்கள் திங்கட்கிழமைக் கஞ்சி என் கண் முன்னால் வந்தது. அந்தச் சமையல்காரம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. "இனி திங்கக்கிழமை பிள்ளைங்க கொரலு நல்லா இருக்கும் டீச்சர்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எனக்குப் புத்தகம் இருந்தது, அவருக்கு அது தேவைப்படவில்லை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு வரும்போது வரிசையில் நிற்பதற்கு முன் தருமச்சாலைக்குள் வாருங்கள். 1867-ல் மூட்டிய அடுப்பின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அனல் முகத்தில் அடிக்கும், புகை கண்ணைக் கரிக்கும். அது இருக்கட்டும். பிறகு பந்தியில் உட்காருங்கள். உங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர், எப்படி வந்தார் என்று கேளுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எழாமல் இருங்கள். அதற்குப் பிறகு போய் ஜோதியைப் பாருங்கள். வள்ளலார் கட்டிய வரிசையில் நீங்களும் ஒரு தடவை பார்த்தவர்கள் ஆவீர்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு வாரத்தில் ஒரு நாளையாவது பசிக்கென்று வையுங்கள். பணமாக அனுப்புவது நல்லதுதான், அது தேவைதான். ஆனால் கை நனையட்டும். ஒரு பள்ளிக்கூடம், ஓர் அரசு மருத்துவமனை வாசல், ஒரு முதியோர் இல்லம், எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். யாருக்கு எந்த நாள் பசிக்கிறது என்று காது கொடுத்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

கத்தரிக்காய்க் காம்பு கிள்ளிய அந்தப் பெண்ணிடம் தனியாக ஒரு வார்த்தை. உன் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள் அம்மா. தரிசனத்துக்கு முந்தின நாள் ராத்திரி காய் நறுக்க நிறையப் பேர் வருகிறார்கள். மறுநாள் கூட்டம் கலைந்த பிறகும் அந்த அடுப்பில் உலை கொதிக்கும். பசித்தவர்கள் அன்றும் வந்து உட்காருவார்கள். அன்றைக்குத்தான் ஆள் போதாது. அதே கொட்டகையில் இருப்பேன். நீ வா, அரிவாள்மணை நான் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.